தம் எவ்வளவு இருக்கிறது? தொற்றுக் காலத்தில் எந்தச் சோதனையை நம்பலாம்

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்த பிறகு வாசகர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே கேள்விதான் வந்தது: உடம்பில் தம், அதாவது உழைத்தால் தாங்கும் தெம்பு, எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து எழுதுகிறார்: "வாப்பாவுக்கு 58 வயசு. மே மாசம் கொரோனா வந்து தேறிட்டாங்க. மாடி ஏறினா நெஞ்சு இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு, மூச்சு வாங்குதுங்குறாங்க. மதுரைக்குக் கூட்டிப் போய் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொல்லவா, நான் அனுப்பின வாட்ச்சே போதுமா?" பாம்பனில் விசைப்படகில் வேலை செய்யும் 34 வயதுக்காரர், மீன்பிடித் தடைக்காலமும் ஊரடங்கும் சேர்ந்து வயிறு வைத்துவிட்டது, பழைய தெம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா என்று கேட்கிறார். தங்கச்சிமடத்துப் பெண் ஒருவருக்குத் தன் அம்மாவைப் பற்றிக் கவலை. அம்மாவுக்கு 61 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலி வேறு.

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. நுரையீரல் சரியாகிவிட்டதா என்பது ஒரு கேள்வி, உடம்பில் தெம்பு எவ்வளவு இருக்கிறது என்பது வேறொரு கேள்வி, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. தொற்றுக் காலத்தில் இந்த மூன்றும் கலந்துபோய்விட்டன. எது தன் கேள்வி என்று தெளிந்துவிட்டால், சோதனையைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

## எதை வைத்து எடை போடுவது

இதயமும் நுரையீரலும் சேர்ந்து உழைக்கும் திறனுக்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று உண்டு. உச்ச உழைப்பின்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்துகிறது என்பதுதான் அது. விஓ2 மேக்ஸ் என்பார்கள். அமெரிக்க இதய சங்கம் 2016-இல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போல இதையும் ஓர் அடிப்படை உடல் அளவாகவே பார்க்க வேண்டும் என்றது. ஆனால் நேரடியாக அளக்க வேண்டுமென்றால் வாயில் முகமூடி மாட்டி, இயந்திரத்தோடு இணைத்து, மூச்சிரைக்க ஓடவிட வேண்டும். தொற்றுக் காலத்தில் ஒரு மூடிய அறையில் செய்யக்கூடாத வேலை எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். அதனால் நமக்குக் கிடைப்பவை எல்லாம் மறைமுக வழிகள்தான்.

ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விகளால் உரசிப் பார்த்தேன்: தொற்று பரவ எவ்வளவு இடம் கொடுக்கிறது? பாதியில் ஏதாவது ஆனால் சமாளிக்க முடியுமா? உண்மையில் எதை அளக்கிறது? நம் கடற்கரை வீடுகளிலும் தெருக்களிலும் நடக்கக்கூடியதா? அடுத்த மாதம் அதே போலத் திருப்பிச் செய்ய முடியுமா? கடைசிக் கேள்விக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். வீட்டுச் சோதனையின் எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதில் பெரிய பலன் இல்லை. போன மாதத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

## இவர்கள் வீட்டில் எதையும் செய்ய வேண்டாம்

நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், மயக்கம், ஓய்வாக இருக்கும்போதே படபடப்பு உள்ளவர்கள், கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுபவர்கள், ரத்த அழுத்தம் 180/100-க்கு மேல் நிற்பவர்கள், காய்ச்சல் இருப்பவர்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஓய்விலேயே 94-க்குக் கீழே காட்டினால் சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனா வந்து தேறியவர்கள் தெம்பை அளக்க, அறிகுறி எதுவும் இல்லாமல் குறைந்தது ஏழு நாள் கழிய வேண்டும். அதற்குப் பிறகும் முதல் இரண்டு வாரம் லேசான நடைதான்.

## ஆறு நிமிட நடை

என் முதல் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்க நெஞ்சக நோய் மருத்துவர் சங்கம் 2002-இல் இதற்கு வகுத்த முறை எளிமையானது. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில் ஆறு நிமிடம், முடிந்தவரை வேகமாக, ஓடாமல் நடக்க வேண்டும். எத்தனை மீட்டர் கடந்தீர்கள் என்பதே மதிப்பெண். நடுவில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. ஆரோக்கியமான பெரியவர்கள் பெரும்பாலும் 400 முதல் 700 மீட்டருக்குள் நடப்பார்கள்.

வயது, உயரம், எடையை வைத்து எதிர்பார்க்கும் தூரத்தைக் கணக்கிட 1998-இல் அமெரிக்காவில் வந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு: உயரத்தை (செ.மீ.) 7.57-ஆல் பெருக்கி, அதிலிருந்து வயதை 5.02-ஆல் பெருக்கியதையும், எடையை (கிலோ) 1.76-ஆல் பெருக்கியதையும், 309-ஐயும் கழிக்க வேண்டும். 50 வயது, 165 செ.மீ., 65 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 575 மீட்டர் வரும். நம் ஆட்கள் பொதுவாக இதைவிடக் குறைவாகத்தான் நடக்கிறார்கள், பயந்துவிட வேண்டாம்.

நம் கரையில் இதைக் கெடுப்பது இரண்டு: மணலும் காற்றும். மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது. கடற்கரையில் ஆறு நிமிடம் நடந்துவிட்டு "முந்நூறுதான் வந்தது" என்று கலங்குவதில் அர்த்தமில்லை. மீன் இறங்குதளம் நீளமாக, சமமாக இருக்கிறதே என்று தோன்றும். அங்கே மீன் தண்ணீரும் செதிலும் கிடக்கும், வேகநடையில் திரும்பும்போது கால் வழுக்கும். கோயில் வீதி, தேவாலய முற்றம், பள்ளிவாசல் தெரு, பேவர் பிளாக் போட்ட சந்து, இவற்றில் ஏதோ ஒன்றில் காலை ஏழு மணிக்குள் ஆள் நடமாட்டமில்லாத நேரம் பாருங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எதிர்காற்றில் ஒருமுறை, பின்காற்றில் ஒருமுறை என்று போய்வரும் 30 மீட்டர் பாதை ஓரளவுக்குச் சரிக்கட்டிவிடும். ஒரே திசையில் நீளமாக நடந்தால் அந்த வசதி இல்லை.

அளப்பதற்கு டேப் வேண்டும். படகுக் கயிற்றைப் பாகக் கணக்கில் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) அளந்துகொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும், நனைந்த நைலான் கயிறும் இழுத்தால் நீளும். இரு முனையிலும் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டுப் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சிப்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். பதினெட்டுச் சிப்பி நகர்ந்திருந்தால் 540 மீட்டர், அதன் மேல் மீதி நடந்த தூரம். வாயால் எண்ணிக்கொண்டே நடப்பவர்கள் பத்தைத் தாண்டியதும் தடுமாறுவார்கள்.

மறைசெலவு ஒன்றல்ல. கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். முதல் முறை நடந்ததைவிட இரண்டாம் முறை, பழக்கத்தாலேயே, தூரம் கொஞ்சம் கூடும். அதனால் ஒரு நாள் விட்டு இரண்டு தரம் நடந்து, பெரியதைக் கணக்கில் கொள்ளுங்கள். அப்புறம், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தால் "என்ன, மறுபடியும் வந்துருச்சா?" என்று ஊர் கேட்கும். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்து மறித்த காலத்தை யாரும் இன்னும் மறக்கவில்லை. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இதற்காகவே சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆக்சிமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடை முடிந்ததும் மாட்டினால் போதும்.

முகக்கவசம் போட்டு நடந்தால் தூரம் பெரிதாகக் குறைவதில்லை, மூச்சு முட்டும் உணர்வுதான் கூடும். ஆள் இல்லாத இடமென்றால் கழற்றிவிடலாம். போட்டு நடந்தால் அடுத்த முறையும் போட்டே நடக்க வேண்டும்.

தங்கச்சிமடத்து அம்மாவுக்கு இதுவே சரி. மூட்டு வலி இருந்தால் தூரம் குறையும், குறையட்டும். தன் வேகத்தில் நடக்கலாம், நின்று போகலாம். பக்கத்தில் மகள் இருக்க வேண்டும், முனையில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

## படி ஏறி இறங்கும் சோதனை

12 அங்குல உயரப் படி. நிமிடத்துக்கு 96 தட்டு தட்டும் மெட்ரோனோம் ஆப். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நிமிடத்துக்கு 24 ஏற்றம், மூன்று நிமிடம். முடிந்ததும் உடனே உட்கார்ந்து, ஐந்து விநாடிக்குள் நாடியைப் பிடித்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பயிற்சி செய்யச் செய்ய அதே படிக்கு நாடி குறைந்துகொண்டே வரும்.

பாம்பன் தம்பிக்கு இது பொருந்தும். கடலில் உழைக்கிறவனுக்குத் தம் குறையாது என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. வலை இழுப்பது தோளுக்கும் முதுகுக்கும் கடுமையான வேலைதான், ஆனால் விட்டுவிட்டு வருவது. இழுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள், இழுவையில் பாதியை வின்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. தொடர்ந்து மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொன்னால் நல்ல தேகக்கட்டுள்ள ஆளும் திணறுவதுண்டு. அதைக் காட்டிக்கொடுப்பதுதான் இந்தச் சோதனையின் பயன்.

நம் வாசற்படிகள் ஆறு ஏழு அங்குலம்தான் இருக்கும். உயரம் போதவில்லை என்று பிளாஸ்டிக் ஸ்டூலைப் போடாதீர்கள், சாயும். பள்ளித் திண்ணை, மேடை விளிம்பு, சிமெண்டால் கட்டிய துவைக்கும் கல், இப்படி அசையாத ஒன்று வேண்டும். 12 அங்குலத்துக்கு அரை அங்குலம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் அதே படியாக இருக்கட்டும். கல்லூரி மாணவர்களை வைத்து உருவான 16 அங்குலச் சோதனை ஒன்றும் இணையத்தில் சுற்றுகிறது. நடுவயதுக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மறைசெலவு மாத்திரையில் இருக்கிறது. அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி எப்போதும் அடக்கமாகவே இருக்கும். படி ஏறி முடித்தபின் அவர்களுடைய எண்ணைப் பார்த்தால் ஓட்டப்பந்தய வீரர் போலத் தெரியும், அது பொய். ஆகஸ்ட் 2021-இல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை பல வீடுகளுக்கு வாசலுக்கே வருகிறது. அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு இந்தச் சோதனைக்கு வாருங்கள். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

வெயிலும் நாடியை ஏற்றும். மண்டபத்தில் மதியம் இரண்டு மணிப் புழுக்கத்தில் எண்ணியதையும் அதிகாலையில் எண்ணியதையும் ஒப்பிட முடியாது. இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் கரையேறிய காலையும் வேண்டாம்.

## ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது

தனிமைப்படுத்தப்பட்ட ஒற்றை அறைக்கென்றே செய்த மாதிரி இருக்கும் சோதனை. ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2013-இல் வெளியான ஆய்வில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆண்களுக்கு இடைநிலை எண் 50, பெண்களுக்கு 47. எழுபத்தைந்தைத் தாண்டியவர்களில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 27.

தெம்பை அளக்க இதை நான் அதிகம் நம்ப மாட்டேன். தொடைத் தசையின் பலம்தான் இதில் முன்னால் நிற்கிறது. தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தும், பாசி எடுக்கக் கடலில் இறங்கி ஏறியும் பழகிய பெண்களுக்கு எண் தாராளமாக வரும், அதனால் இதயம் வலுவாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நேர் எதிராக நடக்கும்.

ஆனால் தொற்று இருந்தும் காய்ச்சலோ மேலே சொன்ன மற்ற அறிகுறிகளோ இல்லாதபோதோ, தேறிய சில வாரங்களிலோ, உழைத்தால் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்க்க இது நல்ல வழி. முன்னும் பின்னும் ஆக்சிமீட்டர் வையுங்கள். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலர் செய்யும் தவறு, எழுந்து உட்கார்ந்து முடித்த நொடியில் எண்ணைப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவது. மிகக் குறைந்த எண் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். இரண்டு நிமிடமாவது விரலை அசைக்காமல் வைத்திருங்கள். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் அளவைக் குழப்பும், ஈரத்தில் விறைத்த விரலும் குழப்பும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். நம் ஊரில் 95 என்று காட்டினால், ஆளையும் ஒருமுறை பாருங்கள்.

## கைக்கடிகாரம்

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் இப்போது வாட்ச் இல்லாமல் இருப்பதில்லை. அது காட்டும் விஓ2 மேக்ஸ் ஓர் ஊகம்தான். திறந்த வெளியில், ஜிபிஎஸ் போட்டு, கொஞ்ச நேரம் வேகமாக நடந்தால்தான் அந்த ஊகத்துக்கும் ஆதாரம் கிடைக்கும். விலை குறைந்த பட்டைகள் பெரும்பாலும் வயதையும் எடையையும் வைத்தே ஓர் எண்ணைச் சொல்லிவிடும்.

அதில் உருப்படியானது ஒன்று உண்டு: தூங்கி எழும்போதைய நாடி. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை வழக்கம். வாரக்கணக்கில் பார்த்தால், தொற்றுக்குப் பின் ஏறியிருந்த நாடி பழையபடி இறங்குகிறதா என்று தெரியும். இதற்கு வாட்ச் கூட வேண்டாம், மணிக்கட்டும் சுவர்க்கடிகாரமும் போதும். வாட்ச்சின் மறைசெலவு பதற்றம். எண் ஒன்று கூடினால் துபாய்க்கு ஒரு போன், குறைந்தால் இன்னொரு போன்.

## மருத்துவமனை டிரெட்மில்

டிஎம்டி (டிரெட்மில் டெஸ்ட்) என்று எல்லோரும் சொல்வது உடல்தகுதிச் சோதனை அல்ல. நடக்க நடக்க இசிஜி-யில் மாற்றம் வருகிறதா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதவில்லையா என்று பார்ப்பதற்குத்தான் அது. தகுதி அளவு அதில் உபரியாகக் கிடைக்கிறது. புரூஸ் முறை என்ற வழக்கமான படிநிலையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் ஏறத்தாழ 10 மெட் என்று அறிக்கையில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனைப் போலப் பத்து மடங்கு என்று அர்த்தம், நல்ல எண்தான்.

செலவைப் பார்ப்போம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கட்டணத்தை விடுங்கள். போக வர வண்டிச் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, அந்தத் தொற்றுக் காலத்தில் சில இடங்களில் முன்கூட்டியே கேட்ட ஆர்டி-பிசிஆர், குளிரூட்டிய அறையில் எனக்கு முன்னால் மூச்சிரைக்க ஓடிவிட்டுப் போனவர் விட்ட காற்று. எந்த அறிகுறியும் இல்லாத ஆள் "தெம்பு எவ்வளவு" என்று பார்க்க இதற்குப் போவது வீண்.

அறிகுறி இருக்கிறவர் கதை வேறு. கீழக்கரை வாப்பாவுக்கு வாட்ச்சும் வேண்டாம், தெரு நடையும் வேண்டாம். தொற்று தேறியபின் மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்றால் முதலில் ராமநாதபுரத்திலேயே ஒரு மருத்துவரிடம் காட்டி இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வேண்டும். எக்கோவா (இதயத்தின் ஸ்கேன்), டிஎம்டியா, மதுரையா என்பதை அவர் சொல்லட்டும். தொற்றால் இதயத் தசை வீங்கியிருந்தால் டிரெட்மில்லில் ஏற்றுவதே ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டியிருக்கும். நேராக லேப்புக்குப் போய் "டிஎம்டி எடுங்க" என்று கேட்காதீர்கள்.

## மூச்சை அடக்கிப் பார்ப்பது

2020 மார்ச்சில் வாட்ஸ்அப்பில் வந்தது: இருமாமல் பத்து விநாடி மூச்சடக்க முடிந்தால் நுரையீரல் சுத்தம். உலக சுகாதார நிறுவனமே அப்போது மறுத்தது. சங்கு குளித்த ஊர்களில் இந்தச் சோதனையில் தோற்க ஆள் கிடைப்பது கஷ்டம். மூச்சடக்குவது பழக்கத்தால் வருவது. அதற்கும் தொற்றுக்கும் சம்பந்தமில்லை, ஆறு நிமிடம் விறுவிறுவென்று நடப்பதற்கும் சம்பந்தமில்லை. பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை.

## ஒரே பார்வையில்

| சோதனை | தேவை | தொற்று ஆபத்து | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஆறு நிமிட நடை | 30 மீட்டர் கெட்டித் தரை, துணை ஆள் | மிகக் குறைவு | இரண்டு தரம் நடக்க வேண்டும், ஊர்ப் பார்வை | ஐம்பதைத் தாண்டியவர்கள், தேறி வருபவர்கள் |
| படி ஏற்றம் | 12 அங்குல அசையாப் படி, மெட்ரோனோம் | குறைவு | முழங்கால், நாடியை அடக்கும் மாத்திரை | நோயில்லாத இளைஞர், நடுவயதினர் |
| உட்கார்ந்து எழுதல் | நாற்காலி, ஆக்சிமீட்டர் | இல்லை | தொடை பலம் கணக்கைக் குழப்பும் | தனிமையில் இருப்பவர்கள் |
| கைக்கடிகாரம் | வாட்ச், திறந்தவெளி நடை | இல்லை | விலை, பதற்றம் | எழும்போதைய நாடியைத் தொடர்ந்து பார்க்க |
| டிரெட்மில் | மருத்துவர் சீட்டு, பயணம் | அதிகம் | கூலி இழப்பு, வண்டி | மருத்துவர் சொன்னால் மட்டும் |

எதைத் தேர்ந்தாலும் ஒரு நோட்டில் தேதி, மணி, இடம், காற்று, சாப்பிட்ட மாத்திரை, வந்த எண், நடுவில் நின்றீர்களா என்பதை எழுதி வையுங்கள். சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பீடி, காபி எல்லாம் சோதனை முடிந்த பிறகு. நடுவில் நெஞ்சு வலித்தாலோ, கால் பின்னினாலோ, முகம் வெளிறி வேர்த்துக் கொட்டினாலோ அந்த நொடியே உட்கார வேண்டும், நேரம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மறுசோதனை ஆறு வாரம் கழித்துப் போதும். நடையில் 30 மீட்டருக்குக் குறைவான வித்தியாசத்தை ஏற்றம் என்றும் இறக்கம் என்றும் படிக்காதீர்கள். அதற்கு மேல் இறங்கியிருந்தால் அந்த நோட்டையே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.